முப்பத்துமூன்றில் ஒரு கிழவன்

குமிழை நாற்பத்தைந்திலிருந்து
முப்பத்துமூன்றுக்குத் திருப்பினால் போதும்,
அமெரிக்காக்காரன் கிழவனாகிவிடுவான்.
துள்ளிக்கொண்டிருந்த குரல்
ஈரச் சாக்கைத் தரையில் இழுத்துப்போகும்.
அவன் கிட்டார் மட்டும்
ஒவ்வொரு சுரமாகக் கழன்று
என் முன்னால் வந்து நிற்கும்,
வெள்ளிக்கிழமைக் கூலி வரிசை மாதிரி.

கிரிம்ஸ்பி. ஐம்பத்தெட்டு, பிப்ரவரி.
பகலெல்லாம் காட் மீனை வகிர்ந்து முள் எடுக்கிறேன்.
பனிக்கட்டித் தொட்டியில் ஊறி ஊறி
ஆறு மணிக்கு என் விரல்கள் என்னுடையவை அல்ல.
அதனால் வேலை நாட்களில் கம்பி வலிப்பதில்லை.
ஞாயிற்றுக்கிழமைதான் தெரியவரும்
எவ்வளவு வலித்திருக்க வேண்டும் என்று.

கிட்டார் தபாலில் வந்தது.
வாரம் ஐந்து ஷில்லிங், ஐம்பத்திரண்டு வாரம்.
கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே
ஒரு நெத்திலி நிம்மதியாக நீந்திப்போகலாம்.

முதலில் பிடிபட்டது தடித்த கம்பிகளின் நடை.
சுட்டுவிரல் காவலுக்கு நிற்கும்.
மோதிரவிரல் வெளியே போகும், திரும்பும்,
போகும், திரும்பும்,
எதையோ மறந்துவிட்டு வந்தவனைப் போல.
மூன்றே இடங்கள். பன்னிரண்டு கட்டம்.
இதற்கா நாற்பது நாள்?
இதற்குத்தான்.
கீழ்வீட்டு மிஸஸ் கட்டில்
துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பாள்.
இடிக்கட்டும்.
தாளத்தில் இடிக்கக் கூடாதா?

பிறகு நடுவில் வரும் அந்தத் தனி வாசிப்பு.
ஊசியைத் தூக்கி வைத்து, தூக்கி வைத்து,
அந்த இடத்தில் மட்டும் தட்டு நரைத்துவிட்டது.
மெதுவாக ஓடும்போது எல்லாம் கேட்கிறது:
யாரோ நாற்காலியில் அசைகிறார்கள்,
பாடுகிறவன் எச்சில் விழுங்குகிறான்,
இரண்டாம் சுற்றில் கிட்டார்க்காரன் விரல் சரிந்து
பக்கத்துக் கம்பியைத் தொட,
அதுவும் கூடவே முனகுகிறது.
எனக்கு சுரம் எழுதத் தெரியாது.
எது பாட்டு, எது பிசகு என்று
பிரித்துவைக்கவும் தெரியாது.
முனகலையும் சேர்த்தே கற்றுக்கொண்டேன்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, மாலுமிகள் மிஷன் கூடம்.
பியானோவில் வில்ஃப் ஆஸ்கர்பி.
டிரம்ஸில் ராய்ஸ் பின்ச்பெக், ஐஸ் தொழிற்சாலைக்காரன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றான் ராய்ஸ்.
இரண்டு பாட்டுகள் ஒரே வாசலில்
நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டன.

"என்ன சுருதி அது, மேவிஸ்?"
"தட்டில் இருப்பது."
"தட்டில் இருப்பது ஏ. நீ வாசிப்பது ஈ.
அதுவும் கொஞ்சம் இறங்கிப்போன ஈ."

அப்போதுதான் உறைத்தது.
வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும்.
நாற்பது நாளும் நான் கம்பி முறுக்கியது
அந்தக் கிழவனுக்கு.

சிரித்துத் தீர்த்த பிறகு
வில்ஃப் ஒரு சுரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தான்.
அது வரை முறுக்கினேன்.
ராய்ஸ் காதிலிருந்த பென்சிலை எடுத்து
ஐந்தாவது கட்டையில் குறுக்கே வைத்து
ரப்பர் பட்டையால் இறுகக் கட்டினான்.
அதே வீடு, ஐந்து படி மேலே.
சுட்டுவிரல் காவலுக்குப் போனது.
மோதிரவிரல் மறந்ததை எடுக்கப் புறப்பட்டது.

ஆனால் வேகம்!
முப்பத்துமூன்றில் நடை பழகியவள்
நாற்பத்தைந்தின் படிக்கட்டில் உருண்டேன்.
முதல் சுற்றில் நான்கு சுரங்களை விழுங்கினேன்,
ஒன்றைத் துப்பினேன்.
கூடத்தில் யாரும் கவனிக்கவில்லை.
கடலிலிருந்து அன்று காலைதான் இறங்கியவர்கள்,
தரை ஆடாததே அவர்களுக்குப் போதும்.

இரண்டாம் சுற்று.
அந்த இடம் வந்தது.
விரல் சரிய வேண்டிய அளவு சரிந்து
தொட வேண்டிய கம்பியைத் தொட்டது.
அன்றிரவு நான் தடுமாறாத ஒரே இடம்.

வில்ஃப் தோளுக்கு மேல் திரும்பி,
"அங்கே ஒரு தப்பு" என்றான்.

"தெரியும்" என்றேன்.
"என்னுடையது இல்லை."