இரண்டாவது பிரேக்

கூரைமேல் இருந்த காந்தப் பலகையைப் பெயர்த்தேன்.
'மெரெரித் ஓட்டுநர் பயிற்சி'. அது இருந்த இடம்
ஆறு வருட மழையும் கடலுப்பும் படாமல்
கழுவிவைத்த தட்டுப்போல் வெளுத்துக் கிடந்தது.

பிறகு முன்பெட்டி:
புதினா மிட்டாய், சாலைவிதிப் புத்தகம்,
அழுகிறவர்களுக்காக வைத்திருக்கும் டிஷ்யூ,
யாரோ விட்டுப்போன ஒற்றைக் காதணி.
எல்லாம் தார்ப்பாய்க்கடியில்.
காற்று தூக்கப் பார்த்தது.
ஸ்டெப்னியை எடுத்து மேலே வைத்தேன்.

ஆங்கிள்சீ தீவின் மேற்கோரம். தடத்துக்கு அப்பால் கடல்தான்.
சுற்றிலும் தரையோடு வயிறு தேயும் கார்கள்.
என்னுடையது வெள்ளை யாரிஸ், ஆயிரம் சிசி.
சத்தம் அளக்கிறவர் கருவியை நீட்டி
எஞ்சினைக் கிளப்பச் சொன்னார்.
கிளப்பித்தான் இருக்கிறேன் என்றேன்.

டெய்லோவுக்கு இருபத்துமூன்று இருக்கும்.
'பயிற்றுநர்' என்று முதுகில் எழுதிய சட்டை.
பெல்ட்டை மாட்டிக் காலை நீட்டியவன்
குனிந்து பார்த்தான்.
"இங்கே எதுக்கு ஒரு பிரேக்?"
சொன்னேன்.
ஹெல்மெட்டுக்குள் அவன் சிரித்தது கண்ணில் மட்டும் தெரிந்தது.
கால்களை மடக்கி, கூச்சத்தோடு,
அடுத்தவர் கட்டிலில் உட்காரச் சொன்னதுபோல் உட்கார்ந்தான்.

முதல் சுற்றில்
விரல் தன் பாட்டுக்கு இண்டிகேட்டரைத் தட்டிவிட்டது.
வழிவிடுகிறேன் என்று எண்ணி
மஞ்சள் கார் ஒன்று சீறிப் போனது.
நன்றி என்று கை வேறு காட்டினான்.

"இன்னும் வேண்டாம்," என்பான் டெய்லோ.
"இன்னும்... இன்னும்... இப்போ!"
அவனுடைய இப்போவுக்கும் என்னுடைய இப்போவுக்கும் நடுவே
எண்பது மீட்டர் தார்ச்சாலை கிடந்தது.
பத்தொன்பது வருடமாக
நான் யாரையும் கால் வைக்க விடாத இடம்.
எட்டாவது சுற்றில் அதில் பாதி எனக்குக் கிடைத்தது.
வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேனோ.
டயர்களும் கத்தின.

அப்புறம் அந்த இறக்கத்து வளைவு.
அவன் சொன்ன இப்போவைத் தாண்டி
இன்னொரு மூச்சு பொறுத்தேன், ஆசைதான்.
என் பாதத்துக்கடியில்
பெடல் தானே இறங்கிப் போயிற்று.

எப்படிச் சொல்வது.
இருட்டில் இருப்பதாக நினைத்து வைத்த படி
இல்லாமல் போவது மாதிரி.
கார் மூக்கைக் கவிழ்த்து, திரும்பி, நேரானது.
ஒன்றும் ஆகவில்லை.
ஆனால் இந்தப் பக்கம் உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டது
எனக்கு அதுதான் முதல்முறை.

மனைவி பக்கவாதத்தில் விழுந்த பிறகு
அறுபத்தொன்றில் பழக வந்த மிஸ்டர் ப்யூ,
ஒருநாள் சாவியை மடியில் வைத்துவிட்டு
ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாரே,
அன்றைக்கு நான் புதினா மிட்டாய் கொடுத்தேன்.

"மன்னிச்சுக்குங்க, கால் தானாவே..."
காது வரை சிவந்திருந்தான்.
தெரியும் என்றேன். தானாகத்தான் போகும்.

மாலையில் தனியாக ஆறு சுற்று.
இரண்டு பெடலையும் ஒரே கம்பி இணைக்கிறது.
நான் மிதிக்கும்போதெல்லாம்
காலி இருக்கைக்கு முன்னால்
அதுவும் தாழ்ந்து எழுந்தது.
பார்க்கக் கூடாது. பார்த்தேன்.
புல்லில் இரண்டு சக்கரம் இறங்கி ஏறின.

சூடான பிரேக்குக்குக் கைப்பிரேக் ஆகாதாம்.
சக்கரத்துக்கு விறகுத்துண்டை முட்டுக்கொடுத்து,
காதணி முதல் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன்.
கடைசியில் பலகை. வெளுத்த இடத்திலேயே,
கொஞ்சம் கோணலாக.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நெஸ்ட்டா.
மூன்று தடவை தேர்வில் தவறியவள்.
"என்ன வாசனை இது?" என்றாள்.
கருகின பிரேக் என்றால் பயப்படுவாள்.
டோஸ்ட் என்றேன்.

ஹோலிஹெட் சாலையில்
ஆளில்லாத நேர்ப்பாதையில்
நாற்பதில் போய்க்கொண்டிருந்தாள்.
கால்களை மடக்கி
இருக்கைக்கடியில் இழுத்துக்கொண்டேன்.
அவள் கவனிக்கவில்லை.
கொஞ்ச தூரம்தான்.
ரவுண்டானா தெரிந்ததும் நீட்டிக்கொண்டேன்.