சுமைகூலி

ஜனவரி முப்பத்தொன்று. கடைசி நாள்.
கதவு திறக்கும்போதெல்லாம்
ஏரிக் காற்று முதலில் உள்ளே வருகிறது,
அப்புறம்தான் ஆள்.

இரண்டாம் ஜன்னலில் நான்.
கண்ணாடியில் ஒட்டிய மஞ்சள் தாளை
நானேதான் தட்டச்சு செய்தேன்:
கார்டில் வரி கட்டினால்
நூறு டாலருக்கு இரண்டு டாலர் முப்பத்தொன்பது சென்ட் கூடுதல்.
அதில் ஒரு சென்ட்கூட நகரத்துக்கு வருவதில்லை.
இரண்டாம் வாக்கியத்துக்கு அடிக்கோடு போட்டது என் யோசனை.
அந்தக் கோட்டை யாரும் பார்ப்பதில்லை.
என்னைப் பார்க்கிறார்கள்.

ஆர்லின் ஸ்வபோடா செக் புத்தகத்தைப் பிரிக்கிறார்.
ஒவ்வொரு தாளிலும் ஒரு காட்டு வாத்து பறக்கிறது.
போன வருடத்தின் எண்ணை எழுதி, அடித்து,
பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு,
மறுபடி ஊதிக் காயவைக்கிறார்.
"செக்குக்கு எவ்வளவு?"
ஒன்றுமில்லை.
"அப்படித்தான் இருக்கணும்" என்கிறார்
வரிசை முழுக்கக் கேட்கும்படி.

அடுத்து ஜோலீன் ராட்கி.
பாலாடைக்கட்டி ஆலையில் இரவு ஷிப்டை நிறுத்தியதில் இருந்து
பகலில்தான் இவளைப் பார்க்க முடிகிறது.
வரி மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டாலர் அறுபத்தேழு சென்ட்.
கார்டைச் செருகினாள்.
திரை கேட்டது:
எண்பத்தோரு டாலர் ஐம்பத்தாறு சென்ட், சரியா?

அவள் விரல் நின்றது.
உதடு மட்டும் அசைந்தது.
எதை எதோடு கூட்டிக் கழித்தாளோ.
எனக்குக் கேட்ட ஒரே சொல் 'புரோப்பேன்'.

"இது யாருக்குப் போகுது?"
ஜார்ஜியாவில் ஒரு கம்பெனிக்கு.
"அங்கே பனி பெய்யுமா?"
அவ்வளவாக இல்லை என்று நினைக்கிறேன்.
"ம்."

குரலைத் தாழ்த்திச் சொன்னேன்,
சொல்லக் கூடாததைச் சொல்வது போல:
வங்கிக் கணக்கிலிருந்து நேராக எடுத்தால்
ஒன்றரை டாலர்தான்.
அவள் தாழ்த்தவில்லை.
"கணக்குல இருந்தா
நான் ஏன் இதை நீட்டுறேன்?"

வரிசையில் யாரோ இருமினார்கள்.
கையுறையில் பாதி விரல் நுழைத்திருந்த ஆர்லின்
நாய் உரிமம் பற்றிய அறிவிப்பை
வெகு நேரம் படித்துக்கொண்டிருந்தார்.
அவரிடம் நாய் கிடையாது.

கையில் இருப்பவர் கட்டுகிற வரி ஒன்று.
கடன் வாங்கிக் கட்டுகிறவர்
அதைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.
அவன் எதைத் தூக்கினான்?
ஒரு எண் இங்கிருந்து அங்கே போனது.
அதற்கு முதுகு வலிக்கவில்லை.

'சரி'யைத் தொட்டாள்.
இரண்டு ரசீது வந்தது.
நகரத்துடையது விரல் நீளம்.
கம்பெனியுடையது
கவுண்டரைத் தாண்டித் தொங்கியது.
திருப்பித் தர மாட்டோம் என்பதைச் சொல்ல
அதற்குப் பதினான்கு வரி வேண்டியிருக்கிறது.

"உன் தப்பு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.
திட்டியிருக்கலாம்.

ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டி
பெட்டியை எண்ணினேன்.
செக்குகளை அடுக்கினேன், வாத்துகள் மேலே.
கார்டு வரவுகள் தனியே, பட்டியலில்.
பதினேழாவது வரி என் வீடு.

நேற்று இரவு ஒரு மணிக்கு
சமையலறை மேசையில் உட்கார்ந்து கட்டினேன்.
டிரக்கின் கியர்பெட்டி டிசம்பரை விழுங்கியிருந்தது.
நாளை காலை என் ஜன்னலில்
நானே வரிசையில் நிற்பது நன்றாக இருக்காது.
'சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
அடியில் பொடி எழுத்தில்
இந்தக் கட்டணம் குறித்துக் கேள்விகள் இருந்தால்
அழைக்க ஓர் எண் இருந்தது.

அந்த எண் எனக்கு மனப்பாடம்.
என் மேசையில்,
ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில்,
அது அடிக்கும்.