ஏணி பிடித்தவன் சொல்வது

உன் முகத்தைவிட
உன் குதிகால்களைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும், அஞ்சுகம்.
இடது காலில் ஒரு வெடிப்பு.
அதற்குள் என்றைக்கோ சிந்திய பச்சைப் பெயிண்ட்.
ஏணி பிடித்தவனுக்கு
வேறென்ன தெரியும்?

மோல்மேன் மழை
ஐந்து மாதம் பந்தியை விட்டு எழாத விருந்தாளி.
அது கை கழுவப் போகிற இடைவெளியில்தான்
உனக்கு வேலை.
பால்டின்னில் மஞ்சள், பால்டின்னில் சிவப்பு,
கன்னத்தில் தனக்கா, அதையும் மீறி டர்பன்டைன் வாசம்.
ஆற்றுக்கு அந்தப்பக்கத் தீவிலிருந்துகூட
ஆள் அனுப்பி அழைத்தார்கள்.
சலூனுக்கு, சவப்பெட்டிக் கடைக்கு,
ஒருமுறை
படகின் மூக்கில் இரண்டு கண் வரைய.

பள்ளிப் பதிவேட்டில் நீ மா சண்டா.
வீட்டில் அஞ்சுகம்.
பலகையின் மூலையில் இரண்டும் இல்லை,
சின்னதாய் ஒரு கிளி மூக்கு.

பர்மிய எழுத்தெல்லாம் உருண்டை,
நம்முடையதுக்கு மட்டும் ஏன் இத்தனை முட்டி, முழங்கை
என்று கேட்டுவிட்டு
கோடு போடாத நோட்டு ஒன்றில்
தமிழை உருட்டத் தொடங்கினாய்.
ட ஒரு நாற்காலி, யாராவது நூறு வருஷம்
உட்கார்ந்து தேய்க்கவேண்டும் என்றாய்.
ழ மட்டும் அடங்கவில்லை.
பன்னிரண்டு பக்கம் ழ,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாய்க் காலை மடக்கிக்கொண்டு.
எழுத வந்தால்தான் சொல்ல வரும் என்று
என்னைக் கேலி செய்தாய்.
எனக்கு அன்றும் இன்றும் வாளப்பளம்தான்.

காதர் பாயின் டீக்கடைப் பலகை.
பர்மியத்தில் ஷ்வே வா. தங்க மஞ்சள்.
துணைக்காலை முதலில் போட்டுவிடுவாய்,
எழுத்துக்குச் சாய ஒரு சுவர் வேண்டுமே என்பாய்.
அப்புறம் வட்டத்தைக் கீழிருந்து ஏற்றி
உச்சியில் மூடுமுன் நிறுத்தினாய்.
"தல வலிக்குது ஏணி, நாளைக்குப் பாத்துக்கலாம்."
என்னை ஏணி என்றுதான் கூப்பிடுவாய்.
இறங்கினாய். தூரிகையைக் கழுவவில்லை.
நீ தூரிகை கழுவாமல் போன ஒரே புதன்கிழமை.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கொசுக் காய்ச்சல்.
ஒன்பது நாள். இரண்டு பேருக்கு ஒரு கட்டில்.
வயது இருபத்து மூன்று.
படிவத்தில் தொழில் என்ற இடத்தில்
இல்லை என்று எழுதியிருந்தார்கள்.
நீ பார்த்திருந்தால் எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பாய்,
எழுதியதற்கு அல்ல,
அந்தக் கோணல் கையெழுத்துக்கு.

காதர் பாய் வேறு ஆள் வைக்கவில்லை.
வாய் திறந்த வட்டம் அவர்கள் மொழியில் பா.
ஷ்வே வா, ஷ்வே பா ஆனது:
தங்கமும் சேர்த்தி.
ராசியான பெயராம்,
லாட்டரிச் சீட்டுக்காரர்கள் இப்போது அங்கேதான் உட்காருகிறார்கள்.
வா என்று எழுத வந்தவள்
பா என்று பாட்டாகிவிட்டாள் என்று
கோயில் கூட்டத்தில் ஒருவர் உருகினார்.
எனக்கு எரிச்சல்.
அது பாட்டு இல்லை ஐயா.
தலைவலி.

உன் அம்மா அந்த நோட்டில்
பால்கணக்கு எழுதுகிறாள்.
பார்த்ததும் ரத்தம் கொதித்தது.
பிறகு குனிந்து பார்த்தேன்.
எந்த ழ-வின் மேலும் ஒரு எண் விழவில்லை.
நடுக்கூடத்தில் தூங்கும் பிள்ளையைத்
தாண்டாமல் சுற்றிப் போவதுபோல
அரை லிட்டர், ஒரு லிட்டர்,
செவ்வாய் வரவில்லை, பாக்கி நானூறு
எல்லாம் ஓரமாகவே போகின்றன.

நேற்று மழை அரைமணி விட்டது.
ஏணியைத் தூக்கிப் போனேன்,
பலகையில் படிந்த பாசியைத் துடைக்க.
முதல்முறையாக நான் மேலே.
கீழே பிடிக்க ஆளில்லை,
மூன்றாம் படி ஆடுகிறது.
வட்டத்தின் வாயில்
ஒரு சிலந்தி குடியிருந்தது, விட்டுவிட்டேன்.
திரும்பினால்
கூரைகளுக்கு மேல் ஆறு தெரிகிறது, அஞ்சுகம்.
தீவு தெரிகிறது,
நீ கண் வரைந்த படகுகூட வருகிறது.
இத்தனை வருஷம் மேலேயே நின்றாய்.
இதை நீ ஒருநாளும் சொல்லவில்லையே.