புள்ளிக்கோடு

தோர்ஷவ்ன் மருத்துவமனை, மூன்றாம் மாடி.
வெளியே மழை பக்கவாட்டில் பெய்கிறது.
ரன்வா திரையில் ஒரு கோடு இழுக்கிறாள்:
இன்றுவரை அழுத்தமாக,
நாளையிலிருந்து புள்ளி புள்ளியாக.

குடல் அழற்சிக்காரர்களின் கணக்கு.
சொட்டு மருந்து ஏற்ற இப்போது ஒன்பது நாற்காலி.
பதினைந்து வருஷத்தில் இருபத்திரண்டு வேண்டும்;
போட இடமில்லை.

நிதித்துறை யால்மர் கேட்டார்,
"இந்தக் கோடு எப்போது இறங்கும்?"
தக்காளி விலையைக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"இறங்காது.
இருபதில் வருகிறது, எண்பதுவரை கூடவே இருக்கிறது.
வருஷா வருஷம் ஆள் சேர்கிறது.
இதனால் யாரும் சாவதில்லை, அநேகமாக.
செத்தால்தான் இறங்கும்."

யால்மர் காபியைக் கலக்கினார்.
அதில் சர்க்கரையே போடவில்லை.

நல்ல செய்திக்கு வந்த பில் இது என்று
அறிக்கையில் எப்படி எழுதுவது?
இரண்டு முறை எழுதி அழித்தாள்.

சின்னத் தீவு.
அழுத்தக் கோட்டில் பாதிப் பேரை அவளுக்குத் தெரியும்:
மீன் ஆலையில் கழிப்பறைக்குப் பக்கத்து மேசையைக்
கேட்டு வாங்கிக்கொண்ட பியார்னி,
தன் கல்யாண விருந்தில் தண்ணீர் மட்டும் குடித்த மால்ஃப்ரித்.
புள்ளிகளில் இருப்பவர்களைத்தான் தெரியாது.

சாயங்காலம் மகனைக் கூட்டிவர நீச்சல் குளம் போனாள்.
ஈரத் தலைகள், கூச்சல்,
வயிறு தண்ணீரில் அறைய விழுந்து விழுந்து சிரிக்கும் பிள்ளைகள்.
எண்ண ஆரம்பித்து
ஏழோடு நிறுத்திக்கொண்டாள்.

காரில் துண்டோடு ஏறிய மகன்
பசிக்குது என்றான்.
இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.