இரண்டு சொல், ஒரே நாற்காலி

பீச் ஸ்திரீட்டில் பழைய கடைவீடு.
கீழே பெயிண்ட் கடை, மேலே ஏற இருபத்தாறு படி.
வாசல் பலகையில் இரண்டு சொல்:
பெகுவாம்பேலா டான் பெகுவாம்சாரா.

அந்த இரண்டு சொல்லை வைத்துத்தான்
ராயப்பன் என்னைப் பிடித்தார்,
ஒட்டுக்கடையில், என் காசில் தே ஓ உறிஞ்சிக்கொண்டே:
"ரெண்டு வார்த்தை, ரெண்டு ஆளு.
ஒருத்தர் பேப்பர் பாப்பாரு, ஒருத்தர் கோர்ட்டுல பேசுவாரு.
நேரா போனீன்னா உக்காரக்கூடச் சொல்லமாட்டாங்க.
நான் கூட்டிட்டுப் போறேன்."

கூட்டிப்போக முந்நூறு வெள்ளி.
கூட்டிப்போகாததற்கும் அதே முந்நூறு.
முதல் சனிக்கிழமை கால்வலி,
அடுத்தது மச்சான் கல்யாணம்,
மூன்றாவது மழை.
பினாங்கில் ஒரு துளி விழாத
அந்த மழையை நான் மறக்கவில்லை.

நான்காம் சனிக்கிழமை
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடிந்து
சீருடையோடு ஜெட்டி பஸ் ஏறினேன்.
பசியாறவில்லை.
வயிற்றில் பயத்துக்கே இடம் போதவில்லை.

படிக்கட்டுச் சுவரில் இன்னொரு பட்டியல்.
வீடு, நிலம் கைமாற்றம். விவாகரத்து. உயில்.
சாலை விபத்து. வேலைநீக்கம். ஜாமீன்.
ஒவ்வொரு வரியிலும் தெரிந்த முகம்:
விவாகரத்தில் என் லைன் லீடர்,
உயிலில் சித்தப்பாவின் நான்கு பிள்ளைகள்
(தீபாவளிக்கும் பேசிக்கொள்வதில்லை),
வேலைநீக்கத்தில் நானே, பழைய ஃபேக்டரியில்.
சமையலறைக் கெபினட் மட்டும்
எந்த வரியிலும் இல்லை.

கதவைத் திறந்தவரே வக்கீல்.
மிஸ் ஹேமலோசனி.
பாதி கறிப்பாப்பை மேசை டிராயருக்குள் ஒளித்தார்.
கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கியது,
யாரோ ஒருவர் சுவர் பக்கம் திரும்பி நிற்பதுபோல்.

"பேப்பர் பாக்கறவரு எங்க?"
"நான்தான்."
"பேசறவரு?"
"அதுவும் நான்தான். இந்த நாட்டுல ரெண்டும் ஒரே ஆள்.
வாடகை கட்டறதும் நான்தான், உக்காருங்க."

சொன்னேன்.
நாலாயிரத்து அறுநூறு வெள்ளி கொடுத்தது,
கீழ்ப்பாதி மாட்டிவிட்டு ஆள் காணாமல் போனது,
ஐந்து மாதமாய்ப் புலனத்தில் இரண்டு நீலக்கோடு மட்டும்.
மேல்சுவரில் திருகு போட்ட துளைகள் பதினெட்டு.
இரவில் விளக்கைப் போட்டால்
சுவர் என்னைத்தான் பார்க்கும்.

ஒவ்வொரு ரசீதையும் நகத்தால் நீவிப் படித்தார்.
பிறகு: "இதுக்கு நான் வேணாம்."

ராயப்பன் சொன்னது சரிதான் என்று
பையை எடுத்து எழுந்தேன்.

"எங்க போறீங்க? பயனீட்டாளர் தீர்ப்பாயம்.
மனுவுக்கு அஞ்சு வெள்ளி.
அங்க வக்கீல் உங்களுக்காகப் பேசமுடியாது.
நீங்கதான் பேசணும்."

"என் மலாய் தடுமாறும், மிஸ்."
"துளை பதினெட்டுன்னு எண்ணிட்டு வந்திருக்கீங்க.
அதைச் சொல்லுங்க, போதும்."

ஒரு பழைய உறையின் பின்பக்கம்
தேதிகளை மட்டும் எழுதித் தந்தார், ஒன்றன்கீழ் ஒன்றாக.
என் ஐந்து மாதம் ஒன்பது வரிக்குள் அடங்கியதில்
எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.
கட்டணம் ஐம்பது.
ரசீது கேட்டேன்.
கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததே,
அப்போதுதான் எனக்குப் பசித்தது.

இறங்கும்போது பத்தாவது படியில் கைபேசி.
ராயப்பன்.
"அடுத்த சனிக்கிழமை கண்டிப்பா, தங்கச்சி.
சின்னச் செலவு ஒண்ணு மட்டும்..."

படியிலேயே நின்றேன்.
தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்:

"ஐயா, என் பெயர் யோகமலர், த/பெ சின்னக்காளை.
என்னிடம் ஆதாரம் இருக்கிறது.
தேதி வாரியாகச் சொல்கிறேன்.
ஒன்று. மழை பெய்யாத சனிக்கிழமை."

மறுமுனையில்
கண்ணாடி கிளாஸை
மேசையில் வைக்கும் சத்தம்.