பணியக்கணக்கு

டன்பார் மைதானத்துக்கு இறங்கும் படியோரம்
நாலு சைக்கிள் சக்கரத்தில் நின்றது அது.
பெயர்ப்பலகை கிடையாது.
மிஹ்ளார் நானாவின் வண்டி என்றால்
ஹட்டனில் மழைக்கும் தெரியும்,
நாலரைக்குச் சரியாக அங்கேதான் வந்து இறங்கும்.

அதே நேரம் பேக்கரியிலிருந்து பணிஸ் வரும்.
சீனி தூவாதது, அவருக்கென்றே சுட்டது.
நடுவில் பிளந்து தாச்சியில் கவிழ்ப்பார்.
மாஜரின் உருகும் மணம்
ஸ்டேஷன் மேடைவரை ஏறிப் போய்
பதுளை ரயிலில் தூங்குபவனைத் தட்டி எழுப்பும்.
பர்கர் என்றது நாங்கள்தான்.
அவர் கடைசிவரை
'இறைச்சிப் பணிஸ்' என்றார்.

மாடு தின்னாதவர்களுக்கு வேறு தாச்சி,
சோயாமீட்டும் உருளைக்கிழங்கும்.
யாருக்கு எது என்று
இரண்டாந்தரம் கேட்டதில்லை.

பெயர் மட்டும் அவருக்கு மனதில் நிற்காது.
டியூசன் விட்டு வரும் ஐந்து பேரையும்
தோட்டத்துப் பிரிவை வைத்தே கூப்பிடுவார்.
புஷ்பகாந்தி மேக்கணக்கு.
நான் பணியக்கணக்கு.

ஐந்து பேருக்கு இரண்டு பர்கர்.
தட்டகப்பையின் ஓரத்தால்
டக் டக்கென்று வெட்டித் தள்ளுவார்.
ஐந்து துண்டும் எப்படிச் சமமாக வந்தன என்று
கணிதத்தில் ஏ எடுத்த புஷ்பகாந்திக்கும்
இன்றுவரை விளங்கவில்லை.

சல்லி இல்லாத நாளில்
பழைய பஸ் டிக்கட் புத்தகத்தின் முதுகில் எழுதுவார்:
பணியக்கணக்குப் பிள்ளை – 40.
மழைக்குக் குடை கொண்டுவந்த அப்பா
அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு,
"தோட்டத்தில எவன் குடுப்பான் இந்த வேலைய,
டவுன்ல நீ கணக்கப்பிள்ளை ஆயிட்டியே" என்று
இருமும்வரை சிரித்தார்.

பொய் சொல்லக்கூடாது.
ஒருதரம் கோவாவுக்குள் அட்டை நெளிந்தது.
ஒருதரம் எனக்கு இரண்டு நாள் வயிற்றோட்டம்.
அடுத்தவள் குடைக்கம்பி கண்ணில் குத்த
நின்றுகொண்டேதான் தின்றோம்.
மூத்திரம் முட்டினால்
லயம் போகும்வரை அடக்க வேண்டும்.

இப்போது அதே படியோரம் கண்ணாடிக் கடை.
'மிலார்ஸ்'.
நடுவிலிருந்த ஹ் எங்கோ உதிர்ந்துவிட்டது.
கண்டியில் இரண்டு, வெள்ளவத்தையில் ஒன்று,
எல்லவில் வெள்ளைக்காரர்களுக்கென்று ஒன்று,
மொத்தம் பதினான்கு கிளை.
மகன் நல்ல விலைக்குப் பெயரைக் கொடுத்தானாம்.
நானா அக்கரைப்பற்றில்,
மகள் வீட்டில், முழங்கால் வலியோடு.

கழிப்பறை உண்டு. கதவு உள்ளே பூட்டும்.
பர்கரும், சொல்லத்தான் வேண்டும்,
அன்றையதைவிட ருசி.

சுவர் முழுக்க வண்டியின் படம்,
கறுப்பு வெள்ளையில்.
நாங்கள் ஒன்றும் கறுப்பு வெள்ளைக் காலத்தவர்கள் இல்லை.
வண்டி நீலம். சக்கரக் கம்பி சிவப்பு.
படத்தின் ஓரத்தில் யாரோ ஒருத்தியின் முழங்கை,
வெள்ளைச் சீருடைக் கை, பாதியில் வெட்டுப்பட்டு.
என்னுடையதாக இருக்கலாம்.
புஷ்பகாந்தியுடையதாகவும்.

தொப்பி போட்ட பையனிடம் சொன்னேன்,
இந்தக் கடைக்கு நாற்பது ரூபா கடன் இருக்கிறது,
கட்ட வேண்டும்.
திரையைத் தடவித் தடவித் தேடினான்.
சீஸ் கூட்ட, வெங்காயம் நீக்க,
காரம் குறைக்க, எல்லாவற்றுக்கும் பொத்தான் இருந்தது.
"அப்பிடி ஒண்ணு இல்லையே மிஸ்.
யார் பேர்ல கடன்?"

சொன்னேன்.

மனேஜர் பக்கம் ஒரு பார்வை போய்வந்தது.
குரலை இறக்கி,
"நான் மேக்கணக்கு" என்றான்.
உடனே நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்க,
"நாப்பத்தேழு!"

தட்டில் முழுசாக இருந்தது பர்கர்.
வெட்டித் தர முடியுமா என்று கேட்க வாயெடுத்தேன்.
எத்தனை துண்டு என்று அவன் திருப்பிக் கேட்டால்?
புஷ்பகாந்தி கத்தாரில்.
மற்ற மூவரின் நம்பர்
என் போனில் இல்லை.