ஒன்றிலிருந்து ஐந்துக்குள்

கொழும்பிலிருந்து பெடியன் போன் எடுத்தான்.
"மிஸிஸ் யூஜினியா தானே? ஆறு மாசம் முடிஞ்சுது.
எங்கட கரண்ட் கெப் எப்படி?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

நான் கொட்பேயில் நின்றேன்,
முழங்கைவரை சூரை இரத்தம்.
பொறு தம்பி,
நம்பருக்கு முதல் கதை இருக்கு என்றேன்.

கதவுக்குக் கைபிடி எங்கே?
கடன் கொடுத்தவனைக் கண்டவன்போல
உள்ளுக்குள் ஒளிகிறது.
வழுக்கும் கையால் அதைத் தோண்டி எடுப்பதற்குள்
அறக்குளா விலை இரண்டு தரம் இறங்கிவிடும்.
ஸ்கிரீன் ஈரவிரலை மதிக்காது.
குளிரைக் கூட்டச் சொன்னால் பாட்டுப் போடுகிறது,
பாட்டை நிறுத்தினால் இருக்கையைச் சூடாக்குகிறது.
திருகோணமலையில், சித்திரை வெயிலில்,
சுடுகிற இருக்கை!
யார் கேட்டது?

பின்பெட்டி ஒரு முழம் கட்டை.
கெலவல்லா வாலை வெளியே நீட்டிக்கொண்டு
உவர்மலை ஏறும்.
பின்னால் வரும் ஸ்கூல் வான் பிள்ளைகள் கைகாட்டுவார்கள்,
மீனுக்கா எனக்கா தெரியாது.

முன்மூடியைத் திறந்தால் எஞ்சின் இல்லை, வெறும் குழி.
கராஜ் நௌஸாத் அதைப் பார்த்துவிட்டு
செத்தவீட்டில் நிற்பதுபோல நின்றான்.
பிறகு மெதுவாக,
"அக்கா, இதில நான் என்னத்தைக் கழட்டுற?"
இப்போது அதற்குள் என் மாற்று உடுப்பு, கணக்குக் கொப்பி,
அரைக்கிலோ பழப்புளி.
வண்டியில் மீன்வாடை போகாத இடம் அது ஒன்றுதான்.
அதற்கு மட்டும் ஐந்து போட்டுக்கொள்.

கிண்ணியா தயிர்க்காரர் இம்தியாஸும் இதே கெப்தான்,
நிறம் மட்டும் வேறு.
அவருக்கு ஒரு குறையும் இல்லை.
முட்டி உடைவதில்லையாம், குலுக்கமே இல்லையாம்,
இதில் ஏறினால் தயிர்கூட இறுக்கமாய் உறைகிறதாம்.
தயிருக்கும் மீனுக்கும் வேறுவேறு கண், தம்பி.

சத்தமா? வா, அதற்குத்தான் வருகிறேன்.
என் பழைய டீசல் பாலையூற்றுச் சந்தியில் இருமினால்
ஐந்து ஒழுங்கையிலும் சட்டியோடு பெண்கள் நிற்பார்கள்.
இப்போது நான் வந்தது பூனைக்கும் தெரியாது.
கோட்டையடி மான்கள் ரோட்டை விடுவதில்லை.
ஹோர்ன் அடிக்க எனக்கே கூச்சம்,
பூசைக்குள் தும்முவதுபோல.

ஆனால் போன மாதம்,
தம்புள்ளைக்கு முந்நூறு கிலோவோடு போகையில்,
கரண்ட் நின்ற இரவு, பாதிச் சார்ஜ்,
கல்லோயாச் சந்திக்கு இப்பால், ஒன்றரை மணி,
ஸ்கிரீனில் நாற்பத்தொரு கிலோமீட்டர் மிச்சம்
(வெளிக்கிடும்போது நூற்றைம்பது என்று சத்தியம் செய்தது),
வளைவில் யானை.
தனியன். காது அசையவில்லை.

டீசலென்றால் சதாகரன் உறுமவைத்திருப்பான்,
அதுவும் உறுமியிருக்கும்,
மிச்சம் கந்தளாய் ஆஸ்பத்திரிக்குத் தெரியும்.
இந்த வண்டிக்கு உறுமத் தெரியாது.
விளக்கை அணைத்தோம்.
ஐஸ் உருகிச் சொட்டியது, வேறு சத்தமில்லை.
அது கிட்ட வந்தது.
பின்பெட்டியை முகர்ந்தது,
வழிந்த ஐஸ்தண்ணியைத் துதிக்கை நுனியால் தொட்டது,
மீன் பிடிக்கவில்லையோ என்னவோ,
என் பக்கத்து யன்னலில் ஒரு மூச்சு.
கண்ணாடி முழுக்கப் புகார்.

பதினேழு நிமிடம்.
சதாகரன் சுவாசித்தானா என்று தெரியாது.
நாற்பத்தொன்று நாற்பத்தொன்றாகவே நின்றது.
சும்மா நிற்பதற்கு
அந்த வண்டி என்னிடம் காசு கேட்கவில்லை.

அது போனது.
சந்தைக்குப் பிந்தி நாலாயிரம் நட்டம், அதையும் எழுது.

பெடியன் கன நேரம் கதைக்கவில்லை.
"மிஸிஸ்... போர்மில யானைக்குக் கட்டம் இல்லை."
இல்லையென்றால் கீறு.
"அப்ப நம்பர்?"

மூன்று.
கைபிடியை வெளியே விட்டால் நாலு.
வை போனை,
போட் வருகுது.